தாலாட்டின் கடைசிப் பெயர்

இந்த ஆண்டு எங்கள் தோட்டத்தில் ஆப்பிள் நன்றாகக் காய்த்திருக்கிறது. உங்கள் கடிதம் வந்தபோது நான் சமையலறையில் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். அடிபட்டவை ஒரு கூடை, குளிர்காலம் வரை தாங்குபவை ஒரு கூடை. அந்த வேலையால்தான் இரண்டு நாள் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும், திரு. கார்பெரி.

அயர்லாந்தில் வாரிசின்றி அழிந்த பிரபுப் பட்டங்களைப் பற்றி நூல் ஒன்று தொகுப்பதாகவும், அதில் எங்கள் டெரிவார்னா பட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தின் அச்சுப்படியையும் வைத்திருந்தீர்கள். இதற்கிடையே பாஸ்டன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், லூஷியஸ் கான்சிடின் என்பவர், தாம் ஐந்தாம் பிரபுவின் முறையான மகன் என்றும், பட்டம் அழியவில்லை என்றும் உங்களுக்கு எழுதியிருக்கிறார். தம் தாய் பாடிய ஒரு தாலாட்டைத் தவிர அவரிடம் வேறு சான்று இல்லை. அதன் நகலையும் எனக்கு அனுப்பி, உண்மை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

உயிரோடிருப்பவர்களில் அதை அறிந்தவள் நான் ஒருத்தியே. முப்பது ஆண்டுகளாக யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

முதலில் பட்டத்தின் வரலாறு. உங்கள் பக்கத்தில் சில பிழைகள் உள்ளன. முதலாம் பிரபு நத்தானியேல் வெஸ்டேலுக்கு 1721ஆம் ஆண்டு பட்டம் கிடைத்தது போரில் காட்டிய வீரத்துக்காக என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் போர்க்களத்தைக் கண்டதில்லை. இரண்டு தேர்தல்களில் அரசர் தரப்புக்கு வேண்டியவாறு வாக்களித்தார். இரண்டாம் பிரபு ஏரிக்கரைச் சாலையைப் போட்டு, அதில் மரங்களை நட்டார். உறைந்த ஏரி தம் எடையைத் தாங்கும் என்று விருந்தினருக்குக் காட்டப் போய் மூழ்கினார். மூன்றாம் பிரபு டப்ளின் நாடாளுமன்றத்தைக் கலைக்க வாக்களித்தவர்களில் ஒருவர். அதைத் தவிர அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. துதிப்பாடல்களை இனிமையாகப் பாடுவாராம். நான்காமவர் என் தந்தை, கல்விமான். ஐந்தாமவர் என் உடன்பிறந்தான் லூஷியஸ். இந்த ஐந்து பெயர்களையும் சிறுவயதில் நான் உறங்கும் முன் ஜெபத்தோடு சேர்த்துச் சொல்வேன். அப்படி யாரும் சொல்லச் சொல்லவில்லை.

அச்சுப்படியில் தந்தையின் பெயருக்குக் கீழே, “இவருக்கு லூஷியஸ் என்னும் மகனும் ஒரு மகளும்” என்று இருக்கிறது. அந்த ஒரு மகள் நான்.

நாங்கள் இரட்டையர். நான் முதலில் வந்தேன். மருத்துவர் மாடிப்படியில் நின்று, கீழே காத்திருந்த தந்தையிடம், “பெண்” என்றாராம். கோவிலில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி செய்திக்காக நின்ற ஆள் கயிற்றை விட்டுவிட்டுப் புகைக்குழாயைப் பற்றவைத்தான். இருபது நிமிடம் கழித்து லூஷியஸ் பிறந்தான். அதன் பிறகு மணி ஒரு மணி நேரம் அடித்தது. ஏரியின் மூன்று தீவுகளிலும் குடியானவர்கள் தீ மூட்டி ஆடினார்கள். எங்கள் சமையற்காரி மிஸஸ் கிளான்சி ஒவ்வொரு பிறந்தநாளன்றும் இதை எங்களுக்குச் சொல்லிக் காட்டுவாள்.

“மொதல்ல வந்தது நம்ம மிஸ் தியோதான். ஆனா பாவம், கதவத் தட்டி உள்ள வந்து பாத்தா அவளுக்கு நாற்காலியே போடல!”

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வேடிக்கையாகப் பேசத் தெரிந்தவள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டம் அளித்த அரச பட்டயம் ஒரு தகரப் பெட்டியில், உள்ளங்கை அகல மெழுகு முத்திரையோடு இருக்கும். இருபத்தொரு வயது நிரம்பும் நாளில் வாரிசு அதை விருந்தினர் முன்னிலையில் லத்தீனிலேயே உரக்க வாசிக்க வேண்டும். லூஷியஸுக்கு லத்தீன் வரவில்லை. எனக்கு வந்தது. துணைக்கு ஒருவர் உட்கார்ந்தால் அவன் படிப்பான் என்று தந்தை என்னையும் பாடத்தில் உட்கார வைத்திருந்தார். பன்னிரண்டு வயதில் நான் பழைய லத்தீன் துதிகளை யாப்புப் பிசகாமல் மொழிபெயர்த்தேன். தந்தை இறந்து இரண்டு ஆண்டுக்குப் பின் அந்த நாள் வந்தது. ஒரு மாதம் நான் அவனைப் பயிற்றுவித்தேன்.

“தியோ, நீ திரைக்குப் பின்னால நின்னு வாசி. நான் வாய மட்டும் அசைக்கிறேன். வர்றவங்கள்ல பாதிப்பேருக்குக் காது கேக்காது, மீதிப்பேரு குடிச்சிருப்பான்.”

“ஒழுங்கா படி. ‘முறைப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு’ன்னு வர்ற எடத்துல நிறுத்தாத. போன தடவையும் அங்கதான் திக்கின.”

“அந்த எடம் மட்டும் மீன்முள்ளு மாதிரி தொண்டையில நிக்குது.”

விருந்தன்றும் அவன் அந்த இடத்திலேயே திக்கினான். மூன்றாம் வரிசையில் இருந்த நான் உதட்டை அசைத்தேன். அவன் என் உதட்டைப் பார்த்துச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போனான். எல்லாரும் கைதட்டினார்கள். பிஷப் என் பக்கம் குனிந்து, “ஒங்க தம்பி எவ்வளவு அழகா வாசிக்கறான்” என்றார். ஆம் என்றேன்.

இதைப் படிக்கும்போது பொறாமை என்ற சொல் உங்களுக்குத் தோன்றலாம். அது பொருந்தாது. பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றாக அந்தப் பட்டம் இருந்திருந்தால் நான் பொறாமைப்பட்டிருப்பேன். கிடைக்காது என்பது பட்டயத்திலேயே எழுதியிருந்தது. அதை அவனுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தவளே நான். லூஷியஸை நான் நேசித்தேன். அவன் சிரிப்பு எப்போது தொடங்கும் என்று அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

1862ஆம் ஆண்டு கோடையில் அவன் கான்சிடின் மருத்துவரின் மகள் சபினாவைக் காதலித்தான். கத்தோலிக்கக் குடும்பம்; நாங்கள் புராட்டஸ்டண்டுகள். நல்ல மனிதர்கள். நவம்பர் மாதம் ஒருநாள் நூலகத்துக்கு வந்து, என் எழுதுமேசை மீது ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“என்னிஸ் நகரத்து வக்கீலப் பாத்துட்டு வரேன். நான் கத்தோலிக்கனா மாறினா மட்டும் போதாதாம். மாறி முழுசா பன்னெண்டு மாசம் ஆகியிருக்கணும். அதுக்குள்ள கத்தோலிக்கச் சாமியார் கல்யாணம் பண்ணி வெச்சா அது கல்யாணமே இல்லையாம்.”

“பொறக்கற புள்ள?”

“அதுக்கு ஒரு பேரும் கிடையாது. என் வேட்டை நாய்க்கு இருக்கற வம்சாவளிகூட எம் புள்ளைக்கு இருக்காது.”

“நம்ம போதகர் டிஸ்டால் கிட்டயே பண்ணிக்க. சட்டத்துக்கு அது போதும்.”

“சபினா ஒத்துக்க மாட்டா. அவங்கப்பா அப்புறம் அவ மூஞ்சில முழிக்க மாட்டார். அதனால ஒரு வருஷம் காத்திருக்கப் போறோம். ரெண்டாந்தேதி ஞாயித்துக்கெழமதான் நான் நம்ம கோவிலுக்கு கடைசியா வந்தது. இனிமே அந்தப் படிய மிதிக்கக் கூடாது. மிதிச்சா மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணணும்.” பிறகு என் பேனாவை எடுத்து என் மூக்கைத் தட்டினான். “இது ஒனக்கு மட்டும்தான் தெரியும், தியோ.”

அக்காலத்துச் சட்டம் அவ்வாறே இருந்தது. திருமணத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் ஒருவர் எந்த நாளிலாவது புராட்டஸ்டண்டாக நடந்துகொண்டிருந்தால், அவருக்கும் கத்தோலிக்கப் பெண்ணுக்கும் சாமியார் செய்துவைத்த மணம் செல்லாது. 1870இல் அதை நீக்கிவிட்டார்கள். எங்களுக்கு அது ஆறு ஆண்டு பிந்திவிட்டது.

எங்கள் தாய் இறந்தது, இயேசு விண்ணேறியதைக் கொண்டாடும் பரமேறுதல் திருநாளன்று. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் திருநாளில் அவனும் நானும் அருகருகே முழந்தாளிட்டு, அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து பெறுவோம். 1863ஆம் ஆண்டு அது மே மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. முந்தைய நாள் நான் அவனை அழைத்தேன்.

“ஒரே ஒரு தடவ. அம்மாவுக்காக.”

“வக்கீல் சொன்னத ஒங்கிட்ட சொன்னேனே, தியோ.”

“வியாழக்கெழம காலைல யார் வரப்போறா? போதகருக்குப் பாதிக் கண்ணு தெரியாது. மிஸ் பக்லிக்கு அந்த ஆர்கனத் தவிர வேற ஒலகமே கெடையாது. நான் சொல்லப் போறேனா?”

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். “நீ சொல்ல மாட்ட” என்றான்.

சட்டம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அழைத்தேன். இதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். பிறகு தேட வேண்டாம்.

மறுநாள் காலை மழை இல்லை. சன்னலின் நீலக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் அவன் கைகளின் மேல் விழுந்திருந்தது. கிண்ணத்தை என்னிடமிருந்து அவன் வாங்கியபோது எங்கள் விரல்கள் தொட்டன. எங்கள் இருவருக்கும் இடையில் வேறு யாரும் இல்லாத கடைசி நாள் அது. வழிபாடு முடிந்ததும் போதகர் டிஸ்டால் பக்க அறையில் மூக்குத் தாளில் உரச, பதிவேட்டில் எழுதினார்: திருவிருந்தில் பங்குகொண்டோர் நால்வர். அவர், மிஸ் பக்லி, நான், லூஷியஸ். பெயர்களை எழுதும் வழக்கம் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான்.

நவம்பர் பத்தாம் நாள் கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் திருமணம் நடந்தது. நான் கடைசி வரிசையில் நின்றேன். லூஷியஸின் கணக்கில் ஓராண்டும் எட்டு நாளும் ஆகியிருந்தன. ஒரு வியாழக்கிழமைக் காலை அரை மணி நேரத்தை அவன் எண்ணாமல் விட்டிருந்தான். விரும்பாததை எண்ணாமல் விடுவது அவன் இயல்பு. நான் எண்ணினேன். ஆறு மாதம்கூட நிரம்பவில்லை.

சபினா வீட்டுக்கு வந்தாள். தாயின் நாற்காலியில் அமர்ந்தாள். கடிதங்கள் டெரிவார்னா சீமாட்டி என்ற முகவரியோடு வரத் தொடங்கின. முதல் வாரமே நான் சாவிக்கொத்தை அவள் முன் வைத்தேன். அவள் அதைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள்.

“ஒங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா. எனக்கு எந்தச் சாவி எந்தக் கதவுக்குன்னு தெரியறதுக்குள்ள கெழவி ஆயிடுவேன்.”

அவள் அன்பானவள். குறை கண்டுபிடிக்க முயன்று பார்த்தேன், கிடைக்கவில்லை. சத்தமாகச் சிரிப்பாள், அவ்வளவே. லூஷியஸின் சிரிப்பு எப்போது தொடங்கும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் இருவரும் ஒரே கணத்தில் சிரிப்பார்கள். நான் எதற்கென்று கேட்பேன்.

கருவுற்றபின் ஒருநாள் என் அறைக்கு வந்து, “குடும்பத்துல எல்லாரோட பேரையும் சொல்லிக் குடுங்க அக்கா. பொறக்கறவனுக்கு நான் சொல்லணும்ல?” என்றாள். சொல்லிக் கொடுத்தேன். நான் இருபது ஆண்டு ஜெபம்போல் ஓதிய பெயர்களை அவள் மூன்றே நாளில் பாட்டாக்கிவிட்டாள், மாட்டுக்காரப் பெண்கள் பாடும் ஏதோ மெட்டில். நத்தானியேல் சாலை போட்டான், ஏரி ஒருவனை எடுத்துக்கொண்டது என்று இப்படிப் போகும். சாலை போட்டவர் நத்தானியேல் இல்லை. திருத்தினேன். பாட்டின் முடிவில் லூஷியஸுக்குப் பிறகு இன்னொரு பெயரும் இருந்தது.

“பெண்கள் பேரு வம்சாவளில வராது” என்றேன்.

“வம்சாவளில வராட்டி போகட்டும். பாட்டுல வரும்” என்றாள்.

அன்று இரவு உணவுக்கு நான் போகவில்லை. தலைவலி.

ஜூன் மாதத் தொடக்கத்தில் லூஷியஸ் தீவிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த படகில் மழையில் நனைந்தான். சளி நுரையீரலில் இறங்கியது. ஒன்பதாம் நாள் காலை எங்கள் இருவரையும் அழைத்துக் கட்டிலருகே உட்கார வைத்து, பரமேறுதல் நாளில் நடந்ததைச் சபினாவிடம் சொன்னான். நான் அழைத்ததைச் சொல்லவில்லை. தான் போனதாகச் சொன்னான். மனம் உறுத்தியதால் மூன்று வாரத்துக்கு முன்பே எங்கள் சபையின் அர்மா பேராயருக்கு எழுதியிருந்தான். எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணம் செய்துவைக்கப் போதகருக்கு அனுமதி தரும் சிறப்பு உரிமம் அன்று காலைத் தபாலில் வந்திருந்தது.

சபினா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு என் கல்யாணம் கல்யாணம்தான். கடவுளுக்கும் தெரியும். ஆனா கொழந்தைக்காக இன்னும் பத்துத் தடவ வேணும்னாலும் நிக்கறேன். போதகரக் கூப்புடுங்க அக்கா” என்றாள்.

வேலையாளை அனுப்பலாம் என்றார்கள். நானே போகிறேன் என்றேன். உரிமத்தை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். குதிரை வண்டியில் ஒரு மணி நேரப் பயணம். வேலியெங்கும் வெள்ளைப் பூ. நான் போய்ச் சேர்ந்தபோது நண்பகல்.

போதகர் டிஸ்டால் தோட்டத்தில் தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு அருகில் இருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு மகிழ்ச்சி. தேநீர் வந்தது, அவர் வீட்டுச் சமையற்காரி சீமைச் சீரகம் தூவிச் செய்யும் கேக் வந்தது.

“லூஷியஸ் எப்படிம்மா இருக்கான்? காய்ச்சல்னு சொன்னாங்களே.”

“தேறிட்டு வரான், ஐயா.”

“நான் வந்து ஒரு எட்டு பாக்கட்டுமா?”

“ஞாயித்துக்கெழமைக்கு மேல வாங்க. இப்பதான் நல்லாத் தூங்கறான்.”

பிறகு நாங்கள் ஒரு லத்தீன் மாலைத் துதியைப் பற்றிப் பேசினோம். மூன்றாம் அடியில் வரும் ஒளி விளக்கினுடையதா, விடிவெள்ளியினுடையதா என்பதில் எங்களுக்குள் நெடுநாள் கருத்து வேறுபாடு. அன்று அவர் என் பக்கம் வந்தார். கைப்பை என் மடியில் இருந்தது. இரண்டு மணி நேரம் இருந்தேன். இரண்டாம் கேக் துண்டையும் சாப்பிட்டேன். அவ்வளவு அமைதியான பிற்பகல் என் வாழ்நாளில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

திரும்பி வந்து, “போதகர் லிமெரிக் போயிருக்காராம். நாளைக்குத்தான் வருவார்” என்றேன்.

“அப்ப நாளைக்கு” என்றாள் சபினா. குளிர்ந்த தண்ணீர் கொண்டுவரக் கீழே போனாள்.

லூஷியஸ் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னான். குனிந்தேன். கட்டைவிரலால் என் உதட்டோரத்தைத் துடைத்து, விரலைப் பார்த்தான். ஒரு சீமைச் சீரகம் ஒட்டியிருந்தது.

“டிஸ்டால் வீட்டு கேக்” என்றான்.

“வேலைக்காரி குடுத்தா. அவ்வளவு தூரம் வந்துட்டீங்களேன்னு.”

அவன் விரலைப் போர்வையில் துடைத்தான். நான் ஏதாவது சொல்வேனா என்று பட்டயம் வாசித்த நாளில் பார்த்ததுபோல் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சபினா தண்ணீரோடு வந்தபோது அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு இறந்தான். அவன் அவளிடம் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்; இன்றும் அப்படித்தான்.

ஆகஸ்ட் இருபதாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது. மணி அடிப்பவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலுக்கு வந்தான்.

“அடிக்கலாமா மிஸ்?”

“வேண்டாம்” என்றேன். அவன் சற்று நேரம் நின்றுவிட்டுப் புகைக்குழாயை எடுத்துக்கொண்டு போனான்.

அந்த வாரமே வக்கீலுக்கு எழுதினேன். பட்டயத்தின் சொற்கள் எனக்குத் தெரியும். முறைப்படி பிறவாத ஒருவன் அந்தப் பெயரோடு வாழ்வதைத் தெரிந்துகொண்டு மௌனமாக இருப்பது நான்கு தலைமுறைக்குச் செய்யும் துரோகம் என்று எழுதினேன். விசாரணை நடந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். பரமேறுதல் நாளில் அவன் திருவிருந்து பெற்றானா? பெற்றான். நீங்கள் கண்டீர்களா? கிண்ணத்தை அவன் என் கையிலிருந்து வாங்கினான். போதகர் டிஸ்டால் பதிவேட்டைக் கொண்டுவந்து, நால்வர் என்று படித்தார். படித்துவிட்டு, என் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். அந்த ஜூன் மாதப் பிற்பகலைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. விசாரணைக்குப் பின் அவர் என்னோடு ஒரு முறைகூடத் தேநீர் அருந்தவில்லை. அந்தக் குளிர்காலத்தில் இறந்தார்.

மணம் செல்லாது என்றார்கள். பட்டம் அழிந்தது. வீடு எனக்கு வந்தது. அதற்காகவே நான் சாட்சி சொன்னதாக ஊரில் பேசினார்கள். கூரை அப்போதே ஒழுகிக்கொண்டிருந்தது.

சபினா புறப்பட்ட நாளில் வண்டியும் வழிக்குச் சாப்பாடும் ஏற்பாடு செய்தேன். குழந்தையைச் சால்வைக்குள் வைத்திருந்தாள். படியில் நின்று, “நீங்க ஒரு பொய்கூடச் சொல்லல அக்கா. அதுதான் எனக்குத் தாங்கல” என்றாள். அவள் தந்தை அவளைச் சேர்க்கவில்லை. கப்பலேறினாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். உங்கள் கடிதத்திலிருந்து, துணிவெளுக்கும் வேலை செய்து மகனைப் படிக்கவைத்தாள் என்றும், சென்ற ஆண்டு இறந்துவிட்டாள் என்றும் தெரிந்துகொண்டேன்.

அவள் சொன்னது முழுவதும் சரியில்லை. நான் பொய் சொல்லியிருக்கிறேன்: தேறி வருகிறான் என்று ஒன்று, தூங்குகிறான் என்று ஒன்று, லிமெரிக் போயிருக்கிறார் என்று ஒன்று. வேலைக்காரி கேக் கொடுத்ததையும் சேர்த்தால் நான்கு. நால்வர் என்று எழுதிய பதிவேட்டைப் போலவே இதற்கும் நான்தான் சாட்சி. விசாரணையில் இவை பற்றிய கேள்வி எழவில்லை.

பேராயரின் சிறப்பு உரிமத்தை இத்துடன் அனுப்புகிறேன். முப்பது ஆண்டுகளாக என் ஜெபப்புத்தகத்துக்குள் இருந்தது. மடிப்பில் சற்றுக் கிழிந்திருக்கிறது. கையெழுத்தும் தேதியும் தெளிவாக உள்ளன. பயன்படுத்தாத உரிமத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதை உங்களைப் போன்றவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று அதை நான் போதகரின் கையில் கொடுத்திருந்தால் அந்தப் பாஸ்டன் ஆசிரியர் இன்று ஆறாம் பிரபு. கொடுக்கவில்லை. ஆகவே அவர் ஆசிரியர். நான் செய்ததை எல்லாம் ஒப்புக்கொண்ட பின்னும் பட்டத்தின் முடிவைப் பற்றி உங்கள் பக்கத்தில் மாற்ற வேண்டிய செய்தி ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘1864இல் அழிந்தது’ என்ற வரி அப்படியே இருக்கலாம். அவருக்கு எழுதும்போது இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.

ஒரே ஒரு வேண்டுகோள். ‘ஒரு மகளும்’ என்பதை நீக்கிவிட்டு, தியோடோசியா என்று அச்சிடுங்கள். லூஷியஸுக்கு முன்னால் வர வேண்டும்; நான் இருபது நிமிடம் மூத்தவள். பட்டம் உயிரோடிருந்தால் அடுத்தடுத்த பதிப்புகளில் அவன் மகன், பேரன் என்று கீழே வரிகள் நீண்டுகொண்டே போகும், மேலே இருக்கும் மகளை யாரும் தேட மாட்டார்கள். இப்போது பக்கத்தில் இடம் இருக்கிறது. இது பெருமைக்காகக் கேட்பதில்லை. பதிவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே.

இறுதியாக, அந்தத் தாலாட்டு. ஆசிரியர் எழுதியனுப்பியதில் பெயர்களின் வரிசை சரியாகவே உள்ளது. நான் திருத்திய இடமும் திருத்தப்பட்டே இருக்கிறது. லூஷியஸுக்குப் பிறகு, பாட்டின் முடிவில், ‘உன் கைபிடித்து நடத்தும் தியோ அத்தை’ என்று வருவதைக் கோடிட்டு, தம் தாய் இறக்கும்வரை அந்த வரியை விடாமல் பாடியதாகவும், இது யார் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை என்றும் அவர் குறித்திருக்கிறார். நீங்களும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறீர்கள்.

அது பாடியவளின் பிழை. அடித்துவிடுங்கள். அந்த வீட்டில் அப்படி ஒருவரும் இருந்ததில்லை.